படங்களையும் காட்சிப் பண்பாட்டையும் பற்றிய கோட்பாடுகளைப் பல்கலைக்கழகத்தில் பயில்வது எப்படி?

ஓவியம், புகைப்படம், திரைப்படம், விளம்பரம் என நாம் பார்க்கும் படங்களையெல்லாம் ஆராயும் காட்சிப் பண்பாட்டுக் கோட்பாடுகளைப் பயில வருபவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு துறைகளிலிருந்து வருகிறார்கள். கலை வரலாறு, இலக்கியம், திரைப்படம், ஊடகவியல், மானிடவியல் என்று அவரவர்க்கு ஒரு பின்புலம் இருக்கும். முதல் வாரம் கையில் கிடைக்கும் வாசிப்புப் பட்டியலைப் பார்த்தால், அதிலுள்ள பெயர்களுக்குள் என்ன உறவு என்பதே விளங்காது. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை ஆராய்ந்த எர்வின் பனோஃப்ஸ்கி, விளம்பரத்தைக் குறியியல் (குறிகள் எவ்வாறு பொருள் தருகின்றன என்ற ஆய்வு) வழியே வாசித்த ரோலான் பார்த், ஹாலிவுட் படங்களை உளப்பகுப்பாய்வின் துணையோடு அணுகிய லாரா மல்வி, சிறைச்சாலையின் கட்டமைப்பிலிருந்து கண்காணிப்பை விளக்கிய மிஷேல் ஃபூக்கோ ஆகியோர் அடுத்தடுத்து நிற்பார்கள். இந்தக் குழப்பத்துக்கு மாணவர் பொறுப்பல்ல. இத்துறை தனிப்பெயரோடு உருப்பெற்றது பெரும்பாலும் 1980களிலும் 1990களிலும்தான். அதுவும் பல துறைகளின் எல்லையோரங்களில் நடந்த விவாதங்களிலிருந்து. ‘அக்டோபர்’ என்னும் கலைக் கோட்பாட்டு இதழ் 1996இல் இத்துறையைப் பற்றிய ஒரு வினாநிரலை அறிஞர்களுக்கு அனுப்பி, வந்த பதில்களை வெளியிட்டபோது, இப்படியொரு துறை தேவைதானா என்பதிலேயே அவர்களுக்குள் உடன்பாடு இருக்கவில்லை.

எனவே பட்டியல் முழுவதையும் ஒரே தத்துவ அமைப்பாகக் கருதி, அதன் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து முடிக்க முயல்வது பயன் தராது. இக்கோட்பாடுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு குறிப்பிட்ட படத்தின் முன்னால் நின்று எழுப்பப்பட்ட கேள்விகள் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்தக் கட்டுரையைப் படித்தாலும், அதை எழுதியவர் எதிரில் வைத்திருந்த படம் எது என்று முதலில் தேடிக் கண்டுபிடித்து, அதை மேசையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கோட்பாடு அந்தப் படத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்த்த பிறகு, வேறொரு படத்தின் மேல் அதை வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் அது பொருந்தாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் இனி வருவனவெல்லாம் இந்த ஒரு வழிமுறையின் விரிவுதான்.

கோட்பாட்டுக்கு முன் விவரணை

கோட்பாட்டு நூல்களைத் திறப்பதற்கு முன்னரே பழகிக்கொள்ள வேண்டியது, ஒரு படத்தை நீண்ட நேரம் பார்த்து எழுத்தில் விவரிப்பது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், தாம் ஆராயும் ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் முழுமையாக அமர்ந்து கவனித்த பிறகே பிற தரவுகளைத் தேட வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டுக்கொள்பவர். அணிலுடன் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனை ஜான் சிங்கிள்டன் காப்ளி 1765இல் தீட்டிய ஓவியத்தில் இந்தப் பயிற்சியைத் தாமே செய்து பார்த்து, எது எப்போது கண்ணுக்குப் புலப்பட்டது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். சிறுவனின் காதுமடல் வடிவமும் அணிலின் வயிற்றோரத்து ரோம வரியும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கவனிக்க 9 நிமிடம் ஆயிற்று. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் இடைவெளி, கீழே உள்ள தண்ணீர்க் குவளையின் விட்டத்துக்குச் சமமாக இருப்பதைக் காண 21 நிமிடம் ஆயிற்று. இவை எதுவும் மறைந்திருந்த செய்திகள் அல்ல. படத்தைப் பார்த்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கணத்துக்கும் உண்மையில் பார்க்கும் கணத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதற்கு அவை சான்று. மூன்று மணி நேரம் கிடைக்காவிட்டாலும், நாற்பது நிமிடமாவது கைபேசியை விலக்கி வைத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

விவரணை எழுதும்போது, கண்ணால் கண்டதையும் முன்னரே அறிந்ததையும் பிரித்து எழுதுவதில்தான் திறமை இருக்கிறது. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள இந்த ஓவியத்தைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் யாரும் பட்டம் பெற்றுவிட முடியாது. அறையின் பின்சுவரில், இருண்ட ஓவியங்களுக்கு நடுவே, ஒளி மிகுந்த ஒரு சிறிய செவ்வகமும் அதற்குள் மங்கலான இரண்டு உருவங்களும் தெரிகின்றன. இதுவரை சொன்னது கண்டது. அந்தச் செவ்வகம் ஒரு கண்ணாடி என்பது ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகமே. அதில் தெரிபவர்கள் ஸ்பானிய மன்னர் நான்காம் பிலிப்பும் அரசி மரியானாவும் என்பது வெளியிலிருந்து பெற்ற அறிவு. இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதும் மாணவர், தம்முடைய வாதம் எதன் மேல் நிற்கிறது என்பதைத் தாமே அறியாமல் போய்விடுவார்.

பனோஃப்ஸ்கி 1939இல் முன்வைத்த மூன்றடுக்கு முறையும் இந்தப் பிரிவினையை அடிப்படையாகக் கொண்டதே. தெருவில் எதிரே வரும் அறிமுகமானவர் தொப்பியைத் தூக்குவதை அவர் எடுத்துக்காட்டாக்குகிறார். ஒரு மனிதர் தலையிலிருந்த ஒன்றைக் கையால் உயர்த்துகிறார் என்பது முதல் அடுக்கு. அது வணக்கம் செலுத்தும் செயல் என்று புரிந்துகொள்ள ஒரு பண்பாட்டின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் அடுக்கு. அச்செயலிலிருந்து அம்மனிதரின் காலத்தையும் வகுப்பையும் உலகநோக்கையும் உய்த்துணர்வது மூன்றாம் அடுக்கு. மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் முதலிரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் போய் இறங்கிவிடுகின்றன. அங்கே நிற்பதற்கு நிலமில்லை என்பது மதிப்பெண் வரும்போதுதான் தெரிகிறது.

படியெடுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘லாஸ் மெனினாஸ்’ ஏறத்தாழ 3.2 மீட்டர் உயரமும் 2.8 மீட்டர் அகலமும் கொண்டது, அதில் உள்ளவர்கள் பார்ப்பவரோடு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறார்கள். கணினித் திரையில் அது ஒரு தபால் அட்டையாகச் சுருங்கிவிடுகிறது. எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் அதன் அளவு, ஊடகம், முதலில் வைக்கப்பட்டிருந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பல, தங்கள் தொகுப்புகளை உயர்துல்லியப் படங்களாக இணையத்தில் தருகின்றன. தேடுபொறியில் முதலில் கிடைப்பதை எடுத்தால் ஓரங்கள் வெட்டப்பட்டும் நிறம் மாறியும் இருக்கக்கூடும்.

கோட்பாட்டை அதன் படத்தோடு வாசித்தல்

அதே ஓவியத்தோடு ஃபூக்கோவை வாசிப்பது, இந்த முறையின் பயனை மிகத் தெளிவாகக் காட்டும். 1966இல் வெளிவந்த தம் நூலின் முதல் இயலை அவர் முழுக்க ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்துக்கே ஒதுக்கினார். ஓவியத்தில் இருப்பவர்களின் வரலாற்றுப் பெயர்களைச் சிறிது நேரம் அறியாததுபோல இருந்துவிட்டு, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் அவர் பின்தொடர்கிறார். படத்துக்கு வெளியே, பார்வையாளராகிய நாம் நிற்கும் அதே இடத்தில்தான் படத்துக்குள் தூரிகையோடு நிற்கும் ஓவியருக்கு முன்னிருக்கும் அரச தம்பதியும் நிற்கிறார்கள் என்றும், பின்சுவர்க் கண்ணாடி அவர்களைத்தான் காட்டுகிறது என்றும் அவருடைய வாசிப்பு செல்கிறது. தத்துவவியலாளர் ஜான் சர்லும் 1980இல் இதையொட்டிய ஒரு கருத்தை முன்வைத்தார்.

இப்போது ஓர் அளவுகோலை எடுத்து, நல்ல அச்சுப்படி ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். வலப்பக்கச் சுவரின் சன்னல் விளிம்புகள், கூரையின் கோடுகள் முதலியவற்றை நீட்டினால், அவை கண்ணாடியில் சென்று கூடுவதில்லை. அதற்கு வலப்புறம், பின்கதவின் படியில் நிற்கும் மனிதரின் கைக்கு அருகில் கூடுகின்றன. அதாவது, தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் விதிகளின்படி (perspective) பார்ப்பவரின் கண் அந்தக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவுக்கு எதிரே நிற்பவருக்கு, இடப்பக்கம் உள்ள கண்ணாடியில் இன்னும் இடப்பக்கம் இருக்கும் பொருளே தெரிய முடியும். ஓவியர் தீட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஓவியச் சீலை (கேன்வாஸ்) நிற்பதும் அந்தப் பக்கம்தான். எனவே கண்ணாடியில் தெரிவது நேரடியாக அரச தம்பதி அல்ல, சீலையில் வரையப்பட்ட அவர்களின் உருவமே என்று ஜோயல் ஸ்னைடரும் டெட் கோஹனும் அதே 1980இல் மறுப்பு எழுதினார்கள்.

இதனால் ஃபூக்கோவின் இயல் முழுவதும் பொய்த்துவிட்டதா என்று கேட்பது மேலோட்டமான கேள்வி. அவருடைய வாதத்தில் எந்தப் பகுதி கண்ணாடியின் வடிவியலைச் சார்ந்திருக்கிறது, எந்தப் பகுதி அதைச் சாராமலே நிற்கிறது என்று பிரித்துக் காட்டுவதே நல்ல கருத்தரங்கக் கட்டுரையாகும். பெரிய பெயர்களின் கூற்றுகளையும் அளவுகோல் கொண்டு சோதிக்கலாம் என்ற துணிவு முதல் பருவத்திலேயே வந்துவிட்டால், அடுத்து வரும் பருவங்கள் எளிதாகிவிடும்.

இனி ரோலான் பார்த். ‘பன்சானி’ என்ற உணவு நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றை அவர் 1964இல் ஆராய்ந்தார். சிவப்புப் பின்னணியில், பாதி திறந்த வலைப்பையிலிருந்து பாஸ்தா பொட்டலங்கள், ஒரு தகரக்குவளை, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், ஒரு காளான் ஆகியவை வெளியே சரிந்திருக்கின்றன. சந்தையிலிருந்து இப்போதுதான் திரும்பிய புத்துணர்வு, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்து தரும் இத்தாலியத் தன்மை, சமையலுக்கு வேண்டிய யாவும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்ற எண்ணம், அசைவற்ற பொருள்களைத் தீட்டும் ஓவிய மரபின் சாயல் ஆகிய பொருள்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தெடுக்கிறார். அவற்றுள் இத்தாலியத் தன்மை என்பது பிரெஞ்சுக்காரர்களின் சுற்றுலா மனப்படிமங்களைச் சார்ந்தது, இத்தாலியர் ஒருவருக்கு அது அப்படிப் படாது என்று அவரே குறிப்பிடுவதைத் தவறவிடாதீர்கள். ஒரு படத்தின் பொருள் படத்துக்குள் மட்டும் இல்லை, பார்ப்பவர் கொண்டுவரும் அறிவிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிக்கனமான விளக்கம் கிடைப்பது அரிது.

படத்தோடு வரும் சொற்கள், அதன் பல பொருள்களில் ஒன்றை மட்டும் நங்கூரமிட்டு நிறுத்துகின்றன என்பது பார்த்தின் மற்றொரு கருத்து. இதைச் சோதிக்க ஒரு செய்திப் படத்தின் விளக்க வரியைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, அப்படத்துக்கு நம்பத்தகுந்த மூன்று வேறு விளக்கங்களை நீங்களே எழுதிப் பாருங்கள். மூன்றும் பொருந்துமானால் சொற்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது புலப்படும். ஒன்றுகூடப் பொருந்தாத படமும் உண்டு. அத்தகைய படம் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள், கட்டுரைக்கு நல்ல பொருள் அதுதான்.

எதை முன்னால், எதைப் பின்னால்

பாடத்திட்டம் எந்த வரிசையில் இருந்தாலும், கலை விமர்சகர் ஜான் பெர்ஜரிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. 1972இல் பிபிசியில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான தொடரும் அதையொட்டி வந்த நூலும் எளிமையானவை. எளிமை காரணமாகவே சில இடங்களில் வாதம் அவசரப்படுகிறது, அந்த அவசரத்தைக் கண்டுபிடிப்பதும் ஒரு பயிற்சி. அந்நூலின் முதல் கட்டுரையின் முடிவில், தம் கருத்துகள் பலவற்றை ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினிடமிருந்து எடுத்ததாக பெர்ஜர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே அடுத்து பெஞ்சமினுக்குப் போகலாம். இயந்திர முறையில் படியெடுக்கும் காலத்தில் கலைப்படைப்பு என்னவாகிறது என்பதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1935க்கும் 1939க்கும் இடையில் பல வடிவங்களில் எழுதப்பட்டது. உங்கள் கையிலிருப்பது எந்த வடிவத்தின் மொழிபெயர்ப்பு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால், வகுப்பில் ஒருவர் மேற்கோள் காட்டும் வரி மற்றவர் பிரதியில் இல்லாமல் தேவையற்ற சர்ச்சை எழும்.

ஒரு கோட்பாட்டாளர் பின்னாளில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டாரா என்பதைத் தேடிப் பார்ப்பது, மாணவர்கள் அரிதாகவே செய்யும் ஆனால் மிகுந்த பலன் தரும் வேலை. லாரா மல்வியின் 1975ஆம் ஆண்டுக் கட்டுரை, வணிகத் திரைப்படம் ஆணின் பார்வைக்கேற்பப் பெண்ணை அமைக்கிறது என்று வாதிட்டது. பெண் பார்வையாளரின் நிலை என்ன என்ற கேள்விக்கு அவரே 1981இல் தனிக் கட்டுரை எழுதினார். அந்த விவாதத்தில் கறுப்பினப் பெண்ணின் பார்வை இடம்பெறவே இல்லை என்று பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 1992இல் எதிர்வாதம் வைத்தார். எழுத்தாளர் சூசன் சொண்டாக், துயரப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனத்தை மரத்துப்போகச் செய்கிறது என்று 1977இல் எழுதியதை, 2003இல் வந்த நூலில் தாமே ஐயத்துக்கு உள்ளாக்கினார். முதல் நூலை மட்டும் மேற்கோள் காட்டி முடித்துவிடும் கட்டுரை பாதி வழியில் நின்றுவிட்ட கட்டுரையே.

குறிப்பெடுக்கும்போது பத்திக்குப் பத்தி சுருக்கம் எழுதுவதைவிட, ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எதிரில் இருந்த படம் எது, யாருடைய கருத்துக்கு எதிராக எழுதப்பட்டது, மையக் கூற்று என்ன, எந்த வகைப் படத்துக்கு அது பொருந்தாது என்ற நான்குக்கும் விடை எழுதுவது போதும். நான்காவது விடை காலியாக இருந்தால் வாசிப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

படங்களை அருகருகே வைத்துச் சிந்திப்பதற்கு கலை வரலாற்றாளர் ஏபி வார்பர்க் காட்டிய வழி இன்றும் பயன்படுகிறது. கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் ஓவியங்கள், நாணயங்கள், செய்தித்தாள் படங்கள், விளம்பரங்கள் ஆகியவற்றின் புகைப்படங்களைப் பொருத்தி, மாற்றி மாற்றி அடுக்கி, ஒரே உடலசைவு நூற்றாண்டுகளைக் கடந்து எவ்வாறு திரும்ப வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். 1929இல் அவர் இறந்தபோது 63 பலகைகள் இருந்தன. மாணவர் பதினைந்து சிறு அச்சுப்படிகளை மேசையில் பரப்பினாலே போதும். ஒரு வரிசையைப் புகைப்படம் எடுத்து வைத்துவிட்டு, வேறு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எந்த இரண்டு படங்கள் எல்லா வரிசைகளிலும் பிரிய மறுக்கின்றன என்று கவனித்தால் கட்டுரைக்கான கேள்வி அங்கிருந்தே கிளம்பும்.

கட்டுரை எழுதுதல்

கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது பெரிய கோட்பாட்டைத் தேர்ந்து அதற்குப் பொருத்தமான படத்தைத் தேடாமல், உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு படத்தைத் தேர்ந்து அதன் கேள்விக்கேற்ற கோட்பாட்டைத் தேடுங்கள். முன்னதைச் செய்தால் விடை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு காட்சி ஆய்வு முறைகளைப் பற்றி எழுதிய கில்லியன் ரோஸின் பகுப்பு உதவும்: படம் உருவாகும் இடம், படம், அது பரவும் வழி, அதைப் பார்ப்பவர்கள். நான்கையும் ஒரே கட்டுரையில் அடக்க முயன்றால் எதுவுமே ஆழமாகாது. ஒன்றை முதன்மையாகக் கொண்டு மற்றவற்றைத் தொட்டுச் செல்லலாம்.

கோட்பாட்டை முத்திரை குத்துவதுபோலப் பயன்படுத்துவதே மிகப் பரவலான குறை. “இவ்விளம்பரம் ஆண்நோக்கை வெளிப்படுத்துகிறது” என்ற வாக்கியத்தை எந்தப் படத்தின் கீழும் எழுதலாம். எனவே அது எதையும் சொல்வதில்லை. “படச்சட்டம் பெண்ணின் முகத்தைக் கண்களுக்குக் கீழே வெட்டிவிடுவதால், தன்னைப் பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு மறுக்கப்படுகிறது” என்று எழுதினால் அது சரிபார்க்கக்கூடிய கூற்றாகிறது. அதன் பிறகு இன்னொரு தடையும் இருக்கிறது. மல்வி பேசியது கேமராவின் பார்வை, அரங்கில் இருப்பவரின் பார்வை, பாத்திரங்களின் பார்வை ஆகிய மூன்றும் பின்னிக்கிடக்கும் கதைப்படத்தைப் பற்றி. அசையாத ஒரு விளம்பரத்தில் இந்த மூன்றில் எது எஞ்சுகிறது என்று விளக்காமல் அவருடைய கருத்தை அங்கே கொண்டுபோக இயலாது.

‘பார்வையாளர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். எந்தக் காலத்து, எந்த வகுப்பைச் சேர்ந்த, எந்தப் பயிற்சி பெற்ற பார்வையாளர்? கலை வரலாற்றாளர் மைக்கேல் பாக்ஸாண்டல் 1972இல் காட்டியதுபோல, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய வணிகர் ஒருவர் பீப்பாயின் கொள்ளளவைக் கண்ணால் கணிக்கப் பள்ளியிலேயே பழகியவர்; ஓவியத்தில் உள்ள உருவங்களின் கனபரிமாணத்தையும் அவர் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். பார்ப்பதற்கும் வரலாறு உண்டு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டு நிறுவிவிடுகிறது.

இணையப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள், படத்தை மட்டும் சேமிக்காமல் அது தோன்றிய பக்கம், தேதி, அருகிலிருந்த சொற்கள் ஆகியவற்றோடு திரைப்பிடிப்பு எடுத்து வைக்க வேண்டும். அவை மறுநாளே காணாமல் போகலாம். மனிதர் பார்ப்பதற்காக அல்லாமல், இயந்திரம் ஒரு செயலை முடிப்பதற்காகவே உருவாகும் படங்களைப் பற்றி திரைப்பட இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி 2000களின் தொடக்கத்திலேயே, கண்காட்சி அரங்கில் நிறுவிக் காட்டும் படைப்புகள் செய்தார். செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களைப் பற்றி எழுத விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம். பொருளிலிருந்து வந்த ஒளி பதிந்ததால் புகைப்படம் அப்பொருளின் தடயம் என்ற பழைய கருத்து, எண்ணற்ற படங்களின் புள்ளியியல் ஒழுங்கிலிருந்து பிறக்கும் படத்துக்கு அப்படியே செல்லாது; எவ்வளவு செல்லும் என்பதுதான் இன்று வாதத்துக்குரியது.

துயரத்தையோ வன்முறையையோ காட்டும் படத்தை ஆராயும்போது, அதைக் கட்டுரையில் அச்சிடத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். துல்லியமான விவரணை பல நேரங்களில் போதும். பார்த் தம் தாயின் சிறுவயதுப் புகைப்படத்தைச் சுற்றியே 1980இல் ஒரு நூலை எழுதினார். அந்தப் படத்தை மட்டும் அதில் வெளியிடவில்லை.

அச்சிடும் படங்கள் ஒவ்வொன்றுக்கும் படைத்தவர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, இருப்பிடம், படியெடுத்தவர் ஆகிய விவரங்களைத் தர வேண்டும்; வாதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாத படம் கட்டுரையில் இருக்கத் தேவையில்லை. வகுப்புக் கட்டுரையோடு நின்றுவிடாமல் ஆய்வேட்டை வெளியிடும் எண்ணம் இருப்பவர்கள், உரிமையாளர்களிடம் அனுமதி கேட்கும் வேலையை எழுத்து முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிட வேண்டும். பதில் வரத் தாமதமாகும், சில இடங்களில் கட்டணமும் கேட்பார்கள், கிடைக்காத அனுமதிக்கு மாற்றாக எந்தப் படத்தை வைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.